ராணுவ உபரி மருந்தில் ரைஃபிள் தோட்டா

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசின் கிடங்குகளில் ரைஃபிள் மருந்து டன் கணக்கில் தேங்கிக் கிடந்தது. போர் இல்லையென்றால் அந்த மருந்துக்கு வேலையும் இல்லை. கன்சாஸ் மாநிலத்தில் எரிவாயு நிறுவனம் ஒன்றின் விற்பனையாளராக இருந்த புரூஸ் ஹாட்ஜ்டன், 4895 என்ற மருந்தில் 50,000 பவுண்டை அரசிடமிருந்து வாங்கினார். வைக்க இடம் இல்லாததால் பழைய ரயில் சரக்குப் பெட்டி ஒன்றை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி அதில் அடுக்கினார். 1947-ல் ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார்: 150 பவுண்டு பீப்பாய், விலை 30 டாலர். அதாவது பவுண்டு 20 சென்ட். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன் உண்டு, ஒரு .30-06 தோட்டாவுக்கு ஏறத்தாழ 50 கிரெய்ன் போகும். ஆக, 20 சென்ட் மருந்தில் 140 தோட்டா. சம்பளக்காரர்களும் விவசாயிகளும் வீட்டு மேசையில் சொந்தமாகத் தோட்டா கெட்டிக்கும் பழக்கம் அமெரிக்காவில் அவ்வளவு பரவியதற்கு இந்த விலை ஒரு பெரிய காரணம்.

அந்த விலை இன்று கிடைக்காது. ஆனாலும் உபரி மருந்து இன்றும் கடை மருந்தைவிட மலிவாகவே விற்கிறது. ஏன் மலிவு என்பதை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் ஒவ்வொரு எச்சரிக்கையும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

மருந்து ஆலையில் ஒரு முறை வடித்த மருந்தும் அடுத்த முறை வடித்த மருந்தும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. ஒவ்வொரு வடிப்புக்கும், ஆலைக்காரர்கள் சொல்வதுபோல ஒவ்வொரு லாட்டுக்கும், சிறு வேறுபாடு இருக்கும். ராணுவத் தோட்டா ஆலைக்கு இது தொல்லையே இல்லை. அவர்களிடம் அழுத்தம் அளக்கும் சோதனைத் துப்பாக்கி இருக்கிறது. புது லாட் வந்தால், குண்டு குறித்த வேகத்தை எட்டும் வரை மருந்தைக் கூட்டியோ குறைத்தோ அந்த லாட்டுக்கான அளவை முடிவு செய்வார்கள். அமெரிக்கப் படையின் .30 எம்2 தோட்டாவுக்கு விதித்த இலக்கு, துப்பாக்கி முனையிலிருந்து 78 அடி தொலைவில் நொடிக்கு 2,740 அடி வேகம் என்பது. அதற்கு எத்தனை கிரெய்ன் வேண்டும் என்பது லாட்டுக்கு லாட் மாறும்.

கடையில் ஒரு பவுண்டு டப்பாவில் விற்கும் மருந்தின் கதை வேறு. வாங்குபவரிடம் அழுத்தமானி கிடையாது. கையேட்டில் அச்சிட்ட எண் ஒன்றுதான் அவருக்குத் துணை. அந்த எண் இந்த ஆண்டு டப்பாவுக்கும் அடுத்த ஆண்டு டப்பாவுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக, ஆலையே வேகமான லாட்டையும் மந்தமான லாட்டையும் கலந்து ஒரே நிலைக்குக் கொண்டுவருகிறது. கடை மருந்துக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு அந்தக் கலப்புக்கும் சோதனைக்குமான கூலி. உபரி மருந்து வாங்கும்போது அந்தக் கூலியைக் கொடுக்காமல் வருகிறீர்கள். அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். செய்ய நேரமோ பொறுமையோ இல்லாதவர் கடை மருந்தையே வாங்கட்டும். இதை நான் மனதார, அக்கறையோடு சொல்கிறேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்நூல் அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்களுக்கானது. அங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கெட்டிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் தேவை. மாநில, நகர விதிகள் வேறுபடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் அறிவுக்காக மட்டும் படியுங்கள்.

கையில் இருப்பது எந்த மருந்து?

புகையில்லா மருந்தைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. ஈய நிறத்தில் சிறு உருண்டைகளாக இருக்கும் ஒன்று கைத்துப்பாக்கி மருந்தாக இருக்கலாம், 20 மில்லிமீட்டர் பீரங்கி மருந்தாகவும் இருக்கலாம். குச்சி வடிவ மருந்துக்கும் இதே கதைதான். எரியும் வேகத்தைத் தீர்மானிப்பது மணியின் மேலே பூசிய தடுப்புப் பூச்சும் மணியின் கனமும் உட்கலவையும். விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தால் அவற்றில் எதுவும் தெரியாது. சீட்டு இல்லாத டப்பா, சீட்டு கிழிந்த டப்பா, ‘தாத்தா பேனாவால் எழுதி வைத்தது’ என்று கைமாறும் கண்ணாடிப் புட்டி, இவை எதையும் இலவசமாகக் கொடுத்தாலும் துப்பாக்கிக்குள் விடாதீர்கள்.

சீட்டு இருந்தாலும் நிதானம் வேண்டும். உபரியாக அதிகம் வருபவை ‘டபிள்யூசி’ என்று தொடங்கும் உருண்டை மருந்துகள். வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் ஃப்ரெட் ஓல்சன் 1933 வாக்கில் உருவாக்கிய முறையின் வாரிசுகள் இவை. ஓல்சன் அதற்கு முன் நியூஜெர்சியின் பிக்காட்டினி ஆயுதசாலையில் முதல் உலகப் போரில் மிஞ்சிய பீரங்கி மருந்தை எப்படி மீட்டெடுப்பது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். உருண்டை மருந்து என்ற தொழில்நுட்பமே உபரியை வீணாக்காமல் பயன்படுத்தும் யோசனையிலிருந்து கிளைத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

டபிள்யூசி 844, 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. டபிள்யூசி 846, 7.62 நேட்டோ தோட்டாவுக்கானது. முன்பு இரண்டும் ஒரே மருந்துதான். வியட்நாமில் எம்16 துப்பாக்கியின் வாயுக்குழாயில் கரி படிந்து அடைத்ததற்கு மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட்டும் ஒரு காரணம் என்று தெரிந்ததும், 1970 வாக்கில் சுண்ணாம்புச் சத்து குறைந்த லாட்டுகளைத் தனியே பிரித்து 844 என்று பெயரிட்டார்கள். கடையில் கிடைக்கும் எச் 335 என்பது 844-க்கு நெருங்கிய உறவு. பிஎல்-சி(2) என்பது 846-க்கு. உறவு என்றுதான் சொல்கிறேன். இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டு கையேட்டின் உச்ச அளவை அப்படியே போட்டால், உங்கள் கையில் இருக்கும் லாட் வேகமான பக்கம் சாய்ந்ததாக இருக்கும் நாளில் போல்ட்டைத் திறக்க முடியாமல் நிற்பீர்கள்.

பெயர் ஏமாற்றும் என்பதற்கு 4831-ஐவிடப் பெரிய சாட்சி இல்லை. ஹாட்ஜ்டன் 20 மில்லிமீட்டர் ஓர்லிகன் பீரங்கித் தோட்டாவின் உபரி மருந்தை வாங்கி 4831 என்று விற்றார். .270, .30-06 வைத்திருந்தவர்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். பின்னர் 1970-களின் தொடக்கத்தில் டூபான்ட் நிறுவனம் ஐஎம்ஆர் 4831 என்ற பெயரில் புதுமருந்தை விற்கத் தொடங்கியது. எண் ஒன்றே, ஆனால் டூபான்டுடையது அதைவிட வேகமாக எரியும். ஹாட்ஜ்டனின் பழைய எச் 4831-க்கு எழுதி வைத்த உச்ச அளவைப் புது ஐஎம்ஆர் 4831-ல் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். 4895-லும் எச், ஐஎம்ஆர் என்று இரண்டு உண்டு. இரண்டும் தனித்தனி மருந்துகள். சீட்டில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளையும் சேர்த்துப் படியுங்கள், நோட்டில் எழுதும்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொரு வகை, கழற்றிய மருந்து. காலாவதியான ராணுவத் தோட்டாக்களிலிருந்து குண்டைப் பிடுங்கி எடுத்துக் கொட்டிய மருந்து இது. பல லாட்டுத் தோட்டாக்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். விற்பவர் அதை ஒரே குவியலாக நன்கு கலந்து, ஒரு லாட் எண் கொடுத்து, எந்த மருந்தின் அளவுக் குறிப்போடு ஒப்பிடலாம் என்று ஒரு தாளும் கொடுத்தால் வாங்கலாம். வெறும் மூட்டையாகக் கொடுத்தால் வேண்டாம்.

பழைய .303 தோட்டாக்களைப் பிரித்தால் சேமியா போல நீளமான சரங்கள் கட்டாக வரும். அதுதான் கார்டைட். நம் நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வடித்துவந்த சரக்கு இந்த வகைதான். தோட்டாவின் கழுத்தைக் குறுக்குவதற்கு முன்பே அந்தக் கட்டை உள்ளே செருகுவார்கள். அதை வெட்டித் துண்டாக்கி வேறு தோட்டாவில் போட முயலாதீர்கள். மணியின் நீளம் மாறினால் எரியும் பரப்பு மாறும், அழுத்தமும் கூடவே மாறும்.

கெட்டுப்போன மருந்து

நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும் பொருள். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியேறும். அவை மீதி மருந்தையும் அரிக்கும். அந்த வாயுக்களை உறிஞ்சிக்கொள்ள டைஃபினைல்அமைன் என்ற நிலைநிறுத்தியைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அது தீரும்வரை மருந்து நன்றாயிருக்கும். தீர்ந்தால் சிதைவு வேகம் பிடிக்கும், சூடு பிறக்கும், பெருங்குவியலாக இருந்தால் தானே பற்றிக்கொள்ளும். பிரெஞ்சுக் கடற்படை இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. தூலோன் துறைமுகத்தில் 1907 மார்ச்சில் ‘இயேனா’ போர்க்கப்பலும் 1911 செப்டம்பரில் ‘லிபர்தே’ போர்க்கப்பலும் வெடித்துச் சிதறின. சிதைந்த மருந்தே காரணம் என்று முடிவானது. பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2012 அக்டோபரில் லூசியானாவின் கேம்ப் மிண்டனில் ஒரு கிடங்கு வெடித்தது. ராணுவத்தின் பழைய மருந்தைப் பிரித்து அழிக்க ஒப்பந்தம் எடுத்தவர்கள் அங்கே சுமார் 1.5 கோடி பவுண்டு எம்6 பீரங்கி மருந்தை முறையின்றிக் குவித்து வைத்திருந்தது அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது.

உங்கள் எட்டுப் பவுண்டு குடம் கப்பலைக் கவிழ்க்காது, வீட்டைக் கொளுத்தும். அதனால் குடத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். நல்ல மருந்தில் ஈதர் அல்லது கரைப்பானின் லேசான வாடை இருக்கும், சிலதில் வாடையே இருக்காது. கெட்ட மருந்து மூக்கை அரிக்கும் அமில நெடி அடிக்கும். மூடியைத் திறக்கும்போது செம்பழுப்பு ஆவி எழுவது, மணிகளின் மேல் துருப்பொடி போலச் செந்தூள் படிந்திருப்பது, தகர மூடியின் உட்புறம் துருப்பிடித்திருப்பது, மணிகள் பிசுபிசுத்து ஒட்டுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தக் குடத்தோடு உறவு முடிந்தது. ‘நல்ல பாதியைப் பொறுக்கி எடுக்கலாம்’ என்று யோசிக்காதீர்கள். குடத்தை வீட்டைவிட்டு வெளியே, தீப்பிடிக்கும் பொருள்களிடமிருந்து தள்ளி வைத்துவிட்டு, எப்படி அகற்றுவது என்று உள்ளூர்த் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள். குப்பைத்தொட்டியும் கழிவறையும் அதற்கான இடமல்ல.

ஏற்கெனவே கெட்டித்த தோட்டாவிலும் இது நடக்கும். பழைய உபரி மருந்தில் செய்த தோட்டாக்களிலிருந்து அவ்வப்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். குண்டின் அடிப்பகுதி பச்சை பூத்திருந்தாலும் பித்தளைக் கூட்டின் உட்சுவர் அரித்திருந்தாலும் அந்தப் பெட்டி முழுவதையும் சுடாமல் பிரித்துவிட வேண்டும்.

பாதுகாப்பது பற்றி: குளிர்ந்த, உலர்ந்த, தீப்பொறி அண்டாத இடம், மருந்து வந்த அதே குடம். வெப்பம்தான் நிலைநிறுத்தியை விரைவில் தின்னும். டெக்சாஸிலும் அரிசோனாவிலும் கோடைக்காலத்தில் கார் கொட்டகையில் மருந்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் வீட்டில் 20 பவுண்டு வரை மூலக் கொள்கலனில் வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலக் கனமுள்ள பலகையால் செய்த பெட்டி வேண்டும். இரும்புப் பெட்டகத்தில் இறுக்கிப் பூட்டி வைப்பது பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: திறந்தவெளியில் மருந்து சீறி எரியும், இறுக அடைத்த இடத்தில் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

எந்தத் துப்பாக்கிக்கு எது?

மலிவு என்பதற்காக மருந்தை வாங்கிவிட்டுப் பிறகு தோட்டாவைத் தேடுவது தலைகீழ் வேலை. டபிள்யூசி 860, .50 இயந்திரத் துப்பாக்கியின் மருந்து. டபிள்யூசி 872, 20 மில்லிமீட்டருக்கானது. இரண்டும் மிக மந்தமானவை. பெரிய மேக்னம் தோட்டாவில் கனமான குண்டோடு போட்டால் வேலை செய்யும். .308-ல் கழுத்து வரை நிரப்பினாலும் பாதி எரியாமல் குழலிலிருந்து மஞ்சள் மணிகளாகக் கொட்டும். மிக மலிவாகக் கிடைப்பவை இவைதான், காரணமும் இதுதான்.

மந்தமான மருந்தைக் குறைவாகப் போட்டால் பத்திரம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. பெரிய கூட்டில் மந்தமான மருந்தை அரைகுறையாக நிரப்பியபோது துப்பாக்கிகள் பிளந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மருந்து தடுமாறிப் பற்றுகிறது, குண்டு குழலின் தொடக்கத்தில் நின்றுவிடுகிறது, பிறகு மீதி மருந்து ஒரே மூச்சில் எரிகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். கையேடு தரும் தொடக்க அளவுக்குக் கீழே போகாதீர்கள். எச் 4895 போன்ற சிலவற்றுக்குத் தயாரிப்பாளரே குறைந்த அளவை வெளியிட்டிருக்கிறார். அந்த விலக்கு அந்தக் கடை மருந்துக்கு மட்டும்.

எம்1 கராண்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அதன் வாயுத்துளை குழலின் முனைக்கு அருகில் இருக்கிறது. மந்தமான மருந்து அந்த இடத்திலும் அதிக அழுத்தத்தோடு இருப்பதால் இயக்குத்தண்டு முரட்டுத்தனமாகத் தள்ளப்பட்டு வளைந்துவிடும். கராண்டுக்கு 4895, 4064 வேகத்தில் உள்ள மருந்து வேண்டும். 4831 போன்றவை போல்ட் துப்பாக்கிக்கு அருமையானவை, கராண்டின் பக்கம் அவற்றைக் கொண்டுபோகாதீர்கள்.

அளவைக் கண்டுபிடிப்பது

இனி வேலையின் நடுப்பகுதி. கூடுகளை முந்தைய அத்தியாயத்தில் சொன்னபடி தயார் செய்யுங்கள். ஒரே தயாரிப்பு, ஒரே தடவை சுட்டவை, ஒரே நீளத்துக்கு வெட்டியவை. ராணுவக் கூடு, குறிப்பாக 7.62, சுவர் தடித்திருப்பதால் உட்புறக் கொள்ளளவு குறைவு. அதே மருந்து அங்கே அதிக அழுத்தம் தரும். ராணுவக் கூட்டில் தொடங்கினால் ராணுவக் கூட்டிலேயே முடியுங்கள்.

கையேட்டின் எண்ணை எப்படி வாசிப்பது என்பதில்தான் உபரி மருந்துக்காரர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார். கடை மருந்துக்காரருக்குக் கையேடு தரும் கிரெய்ன் அளவு முக்கியம். உங்களுக்கு அதே வரியில் பக்கத்தில் இருக்கும் வேகம் முக்கியம். காரணம் இயற்பியல். குண்டைத் தள்ளுவது அழுத்தம். குழலின் நீளம் முழுக்க அழுத்தம் செய்த வேலைதான் குண்டின் வேகமாக வெளியே வருகிறது. ஒரே குண்டு, ஒரே குழல் நீளம், ஒரே குணமுள்ள மருந்து என்றால், கையேட்டின் உச்ச வேகத்தை உங்கள் குண்டு தொட்டுவிட்டபோது உங்கள் அழுத்தமும் கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டிருக்கும். எத்தனை கிரெய்னில் தொட்டது என்பது அப்போது பொருட்டே இல்லை. .30-06-க்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகமான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. விதித்த எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு; .308-க்கு 62,000; .223-க்கு 55,000. இவற்றை வீட்டில் நேரடியாக அளக்க முடியாது. வேகத்தை அளக்க முடியும்.

எனவே குண்டின் வேகத்தை அளக்கும் கருவியான குரோனோகிராஃப் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஒளித்திரை வகையானாலும் ரேடார் வகையானாலும் சரி. ஒரு குடம் மருந்தில் மிச்சமாகும் பணத்தை அதற்குச் செலவழித்தாலும் அது நட்டமில்லை, அடுத்த குடத்துக்கும் அதே கருவிதான்.

நான் பின்பற்றும் முறை ஒப்பிட்டுப் பார்ப்பது. உபரி மருந்துக்கு நெருங்கிய கடை மருந்தில் ஒரு பவுண்டு வாங்கி வைக்கிறேன். டபிள்யூசி 846 என்றால் பிஎல்-சி(2). கையேட்டின் தொடக்க அளவில் அந்தக் கடை மருந்தால் பத்துத் தோட்டா. அதே கூடு, அதே பிரைமர், அதே குண்டு, அதே ஆழத்தில் பொருத்தி, உபரி மருந்தால் அதே எடையில் பத்துத் தோட்டா. இரண்டையும் ஒரே நாளில், ஒரே துப்பாக்கியில், மாற்றி மாற்றிச் சுட வேண்டும். காலையில் ஒன்றும் மதியம் மற்றொன்றும் சுட்டால் குழலின் சூடும் காற்றின் சூடும் கணக்கைக் கெடுத்துவிடும்.

கடை மருந்து சராசரியாக 2,500 அடி வேகம் தந்து, உபரி 2,440 தந்தால், இந்த லாட் மந்தமான பக்கம். உபரி 2,560 தந்தால் வேகமான பக்கம். உச்ச அளவு கையேட்டில் உள்ளதைவிடக் கீழேயே வந்துவிடும் என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். வித்தியாசம் 150 அடி, 200 அடி என்று போனால் அது லாட் வேறுபாடே இல்லை. குடத்தில் இருப்பது சீட்டு சொல்லும் மருந்துதானா என்று சந்தேகப்பட வேண்டும். அங்கேயே நிறுத்திவிட்டு விற்றவரிடம் பேசுங்கள்.

ஒப்பீடு திருப்தியாக இருந்தால் மேலே ஏறலாம். .30-06, .308 அளவுக் கூட்டில் அரை கிரெய்ன் படி; .223-ல் கால் கிரெய்னுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படியிலும் ஐந்து தோட்டா. வேகம் படிக்குப் படி ஏறக்குறைய சீராக ஏற வேண்டும். ஒரு படியில் திடீரென்று பெரிய தாவல், அல்லது மருந்து கூடியும் வேகம் ஏறாமல் நிற்பது, இரண்டுமே நிறுத்தக் குறி. குழல் நீளத்தையும் கணக்கில் எடுங்கள்: கையேட்டின் சோதனைக் குழல் 24 அங்குலம், உங்களுடையது 20 என்றால், .308 போன்ற தோட்டாவில் அங்குலத்துக்கு 20 முதல் 30 அடி வரை வேகம் குறையும். 20 அங்குலக் குழலில் கையேட்டின் 24 அங்குல வேகத்தைத் துரத்துபவர், தெரியாமலே எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு நுட்பம். வேகமான மருந்து அதே வேகத்தைக் கூடுதல் உச்ச அழுத்தத்தில்தான் எட்டும். எனவே உங்கள் லாட் வேகமான பக்கம் என்றால், கையேட்டின் உச்ச வேகத்தைத் தொடுவதுகூட அதிகம். நான் அத்தகைய லாட்டில் உச்ச வேகத்துக்கு 50 அடி கீழேயே நிறுத்திவிடுவேன். அந்த 50 அடியால் 300 கஜத்தில் ஒரு மானுக்கும் ஒரு காகித இலக்குக்கும் வித்தியாசம் தெரியாது.

துப்பாக்கி தரும் அடையாளங்களையும் கவனியுங்கள். பிரைமரின் விளிம்பு தட்டையாவது, ஊசி பட்ட இடத்தைச் சுற்றிப் பள்ளத்தின் உதடு எழும்புவது, கூட்டின் அடிப்புறத்தில் எஜெக்டரின் பளபளப்பான தடம், போல்ட்டைத் தூக்கும்போது இறுக்கம். ஆனால் இவை தாமதமாக வரும் சாட்சிகள். பல துப்பாக்கிகளில் இவை தலைகாட்டும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லைக்கு மேலே போயிருக்கும். ‘பிரைமர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஏறிக்கொண்டே போவது ஆபத்தான பழக்கம். பிரைமர் நன்றாயிருந்தும் வேகம் உச்சத்தைத் தொட்டுவிட்டால், வேகம் சொல்வதையே நம்புங்கள். அடையாளம் ஒன்று தெரிந்தால் அன்றைய சுடுதல் அத்தோடு முடிந்தது. மிச்சத் தோட்டாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள்.

உருண்டை மருந்துக்குத் தடுப்புப் பூச்சு கனமாக இருப்பதால் பற்றவைப்பது சற்றுக் கடினம். குளிர்காலத்தில் மினசோட்டாவிலோ மொன்டானாவிலோ வேட்டைக்குப் போகிறவர்கள் மேக்னம் பிரைமர் பயன்படுத்துவது இதனால்தான். பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும். மீண்டும் தொடக்க அளவிலிருந்து வர வேண்டும். கோடைக்கும் இதே கவனம் தேவை. பழைய ராணுவ உருண்டை மருந்துகள் வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாறுபவை. ஜனவரியில் கண்டுபிடித்த உச்ச அளவு ஆகஸ்ட் வெயிலில் உச்சத்தைத் தாண்டிவிடும். முடிந்தால் உச்ச அளவைக் கோடையிலேயே முடிவு செய்யுங்கள். சுட்டுச் சூடேறிய குழலுக்குள் தோட்டாவைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பதும் அதே தவறு.

துல்லியம்

பாதுகாப்பான எல்லை தெரிந்த பிறகுதான் துல்லியத்தைத் தேட வேண்டும். அமெரிக்கப் போட்டிச் சுடுநர் கிரைட்டன் ஆடெட் பரப்பிய ஏணிச் சோதனை உபரி மருந்துக்கு நன்றாகப் பொருந்தும். தொடக்கத்திலிருந்து உச்சம் வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு தோட்டா, 200 அல்லது 300 கஜத்தில், ஒரே புள்ளியைக் குறிவைத்து. வேகம் ஏறுவதால் துளைகள் மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும். ஓரிடத்தில் மூன்று நான்கு படிகள் ஏறாமல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் கூடும். அந்தக் கூட்டத்தின் நடுப்படி உங்கள் அளவு. அங்கே மருந்து பத்தில் ஒரு பங்கு கிரெய்ன் முன்பின் ஆனாலும் துளை நகராது. உருண்டை மருந்து அளவைக் குடுவையில் தண்ணீர்போல வழிந்து மிகச் சீராக அளக்கும் என்பதால், அந்த நடுப்படியை எடையிடாமலே தொடர்ந்து போட முடிகிறது. நீளக் குச்சி மருந்துக்கு அந்தச் சொகுசு இல்லை. ஒவ்வொன்றையும் தராசில் நிறுக்க வேண்டியிருக்கும்.

ஏணியில் தென்பட்டது உண்மையா தற்செயலா என்று பார்க்க, நடுப்படியில் பத்துத் தோட்டா செய்து ஒரே குழுவாகச் சுடுங்கள். மூன்று குண்டுக் குழு எதையும் சொல்லாது. மூன்று துளைகள் ஒட்டிக்கொண்டு விழுந்த காகிதத்தைப் பணப்பையில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் பலர். அடுத்த மூன்று எங்கே விழுந்தன என்று அவர்கள் காட்டுவதில்லை.

நோட்டில் எழுத வேண்டியவை: மருந்தின் முழுப்பெயர், லாட் எண், வாங்கிய இடமும் தேதியும், கூடு, பிரைமர், குண்டு, பொருத்திய நீளம், வெப்பநிலை, ஒவ்வொரு தோட்டாவின் வேகம். தோட்டாப் பெட்டியின் மேலும் லாட் எண்ணை எழுதுங்கள். இந்த வேலை முழுவதும் ஒரு லாட்டுக்குத்தான் செல்லுபடியாகும். எனவே சோதனைக்கு ஒரு பவுண்டு கிடைத்தால் முதலில் அதை மட்டும் வாங்கிப் பாருங்கள். பிடித்துவிட்டால் அதே லாட்டில் இரண்டு எட்டுப் பவுண்டுக் குடங்கள் வாங்கலாம். 16 பவுண்டு, வீட்டு வரம்புக்குள்ளேயே அடங்கும்; .308-ல் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

அதுவும் ஒருநாள் தீரும். அடுத்த லாட் வாங்கும்போது, பெயர் அதேதான் என்று பழைய குடத்தில் மிஞ்சியதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். கொட்டினால் இரண்டு லாட்டும் அல்லாத, சீட்டு இல்லாத மூன்றாவது மருந்து ஒன்று உங்கள் கையில் இருக்கும். பழைய லாட் முழுவதும் தீர்வதற்கு முன்பே, நிலைபெற்ற அளவில் இருபது தோட்டா கெட்டித்துத் தனிப் பெட்டியில் போட்டு, ‘ஒப்பீட்டுக்கு’ என்று எழுதி வையுங்கள். புதிய லாட் வந்ததும் அதன் தொடக்க அளவுத் தோட்டாக்களோடு அந்தப் பெட்டியையும் சுடுதளத்துக்கு எடுத்துப் போங்கள். முதலில் பழையவற்றில் ஐந்தைச் சுட்டு, குரோனோகிராஃப் அன்றும் பழைய வேகத்தையே காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு புதியதைத் தொடங்குங்கள்.